தண்ணீர் வற்றினால் பஸ்!

'முதன்முறை ஐரோப்பா போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நதிக் கப்பலில் ஏறிவிடலாம்' என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். கண்ணைத் திறந்தால் ஏற மாட்டார்கள் என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது போலும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். லட்சக்கணக்கில் பணம் கட்டி ஏறும் கப்பலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

'கப்பல் ஊர் நடுவிலேயே இறக்கிவிடும்' என்பது அவருடைய முதல் வாதம். புடாபெஸ்டில் இறக்கிவிடும், மறுக்கவில்லை. வியன்னாவில் பல கப்பல்கள் நிற்பது ரைஷ்ஸ்ப்ரூக்கே பாலத்தருகே. அங்கிருந்து ஊர் நடுவிலுள்ள ஸ்டெஃபான் பேராலயத்துக்கு மெட்ரோ பிடிக்க வேண்டும். புக்கரெஸ்ட் என்று விளம்பரப்படுத்தும் கப்பல், 60 கிலோமீட்டருக்கும் அப்பால் ஜூர்ஜூவில் நின்றுவிடும். 'பிராக் முதல் புடாபெஸ்ட் வரை' என்ற டான்யூப் பயணத்தில் பிராகுக்குக் கப்பல் எட்டிக்கூடப் பார்க்காது. அந்த ஊர் இருப்பது வல்டாவா நதிக்கரையில்! பிராகுக்கும் கப்பல் துறைக்கும் இடையிலான தூரத்தைக் கடப்பது பஸ்ஸில்தான்.

'அறை ஜன்னல் வழியே கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும்' என்று அடுத்து உருகுகிறார். ரைன்-மைன்-டான்யூப் கால்வாய் 171 கிலோமீட்டர். அதில் கப்பலை மேலேற்றிக் கீழிறக்கும் 16 நீர்ப்பூட்டுகள். ஒவ்வொன்றும் 12 மீட்டர் அகலம். பெரிய கப்பலோ ஏறக்குறைய 11.4 மீட்டர். உள்ளே நுழைந்ததும் ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி, பாசி படிந்த ஈரச் சுவர்தான் தெரியும். துறையில் இடமில்லாவிட்டால் கப்பலோடு கப்பலை ஒட்டிக் கட்டிவிடுவார்கள். காலையில் திரையை விலக்கினால் எதிர் அறைக்காரர் பல் தேய்ப்பது தெரியும். கீழ்த்தளத்து மலிவு அறையிலோ, கூரையோரம் திறக்க முடியாத சின்ன ஜன்னல் மட்டுமே.

'வயதான பெற்றோருக்கு இதைவிட வசதி ஏது?' என்று கேட்கிறார். பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும், கடற்பயணம்போல் குமட்டாது. இவை இரண்டும் உண்மை. ஆனால் பல கப்பல்களில் லிஃப்ட் மேல்தளம்வரை போவதில்லை. கப்பல்களை ஒட்டிக் கட்டிய நாளில், கரைக்குப் போக அந்த மேல்தளத்துக்கே படியேறி அடுத்த கப்பலுக்குத் தாண்ட வேண்டியிருக்கும். இறங்கியதும் காத்திருப்பது கருங்கல் பாவிய பழைய தெருக்கள். மூட்டுவலிக்காரர்களிடம் இதையும் சொல்லியிருக்க வேண்டாமா?

இத்தனை எழுதியவர், நதியில் தண்ணீர் இருக்குமா என்று மட்டும் கேட்கவே இல்லை. 2018 அக்டோபரில் ரைன் நதிக்கரை ஊரான கவுப்பில் நீர்மட்ட அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. 2022 ஆகஸ்டிலும் வறட்சி. 2024 செப்டம்பரில் டான்யூபில் வெள்ளம். நீர் குறைந்தால் கப்பல் தரைதட்டும். கூடினால் பாலத்தடியில் நுழையாது. அப்போது கப்பல் விடுமுறை பஸ் விடுமுறையாகிவிடும். பயணத் திட்டத்தை மாற்றும் உரிமையை நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் பத்திரமாக எழுதி வைத்திருக்கின்றன.

அந்த நதிகளின் அழகை நான் மறுக்கவில்லை. மெல்க்கிலிருந்து கிரெம்ஸ்வரை ஏறக்குறைய 36 கிலோமீட்டர் நீளும் டான்யூபின் வாஹாவ் பள்ளத்தாக்கும், பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ்வரை 65 கிலோமீட்டர் ரைன் பள்ளத்தாக்கும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. இரண்டிலும் கோடைகாலத்தில் பகல்படகு ஓடுகிறது. ஒரு டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு ரயிலேறலாம். வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு ரயிலில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. மாலையில் கப்பல் கிளம்பிவிடுமே என்று ஊரைப் பாதியில் விட்டு ஓட வேண்டியதில்லை.

ஐரோப்பாவை ஏற்கெனவே சுற்றியவர்கள், ஓய்வுக்காக மிதக்க விரும்பினால் தாராளமாக ஏறட்டும். முதன்முறை போகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல. பிறகும் ஆசை விடவில்லையென்றால், முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: கப்பல் எந்தத் துறையில் நிற்கும்? அறை எந்தத் தளத்தில்? கப்பல் ஓடாவிட்டால் எவ்வளவு பணம் திரும்பும்? எழுத்தில் பதில் தராதவர்களிடம் ஒரு பைசாவும் கட்டாதீர்கள்.