இது போதும் எனக்கு

அண்மையில் ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்த மருமகன் எனது மின்னூல் வாசிப்பானைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இன்னும் இதையோ வைச்சிருக்கிறியள்?" 2024இல் வெளிவந்த வண்ணத்திரைக் கிண்டில் அவனுடைய பையில் இருந்தது. என்னுடையதோ 2016ஆம் ஆண்டு மாதிரி. ஆறங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை. உள்விளக்குக்கூட இல்லை.

நான் கேட்கிறேன்: நாவல் வாசிக்க எதற்கு வண்ணம்? இத்திரையில், நுண்ணிய குமிழிகளுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் உள்ளன. அவற்றை இடம் மாற்றுவதற்கு மட்டுமே மின்சாரம் வேண்டும். மாறிய பின் பக்கம் தானாகவே நிற்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நீண்டபோது, வீட்டிலிருந்த கைத்தொலைபேசிகள் எல்லாம் அடங்கிவிட்டன. நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இதை வாசித்துக்கொண்டிருந்தேன். அச்சுத்தாள் தட்டுப்பாட்டால் சில நாளேடுகள் சனிக்கிழமைப் பதிப்பையே அச்சிடாது விட்ட காலம் அது.

குறை இல்லையென்று சொல்லவில்லை. 'நூலகம்' தளத்திலுள்ள பழைய இதழ்களின் வருடிய பக்கங்கள் இச்சிறு திரையில் எறும்பூர்ந்தாற்போலத் தெரியும். அவற்றுக்குக் கணினி இருக்கிறது.

உண்மையான குறை வேறு. அதைப் புதிய கருவி எதுவும் தீர்க்கவில்லை. 2009இல் அமேசன் நிறுவனம், ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நாவல்களை, பணம் கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்தபடி அழித்தது. உரிமைச் சிக்கல் என்றார்கள். பின்னர் மன்னிப்பும் கேட்டார்கள். 2025 பெப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிவைக்கும் வசதியையும் நீக்கினார்கள். அப்படியானால் நாம் வாங்குவது நூலையா, வாசிக்கும் அனுமதியையா?

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வணிக நிறுவனம் ஒன்றின் செயலை அக்கொடுமையோடு ஒப்பிடுவது தகாது. ஆயினும் நூல் பிறர் கையால் மறையக்கூடும் என்பதை அறிந்த சமூகம், அதன் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

ஆகவே என் கருவியின் இணைய இணைப்பை அணைத்தே வைத்திருக்கிறேன். மதுரைத் திட்டத்தின் நூல்களைக் கணினியிலிருந்து கம்பிவழி ஏற்றிக்கொள்கிறேன். பிரதியொன்று கணினியிலும் இருக்கும். புதியது வாங்கும் பணத்துக்கு ஈழத்து எழுத்தாளர்களின் அச்சுநூல்களை வாங்குவேன். அவற்றை எவரும் தொலைவிலிருந்து அழிக்க முடியாது.

புறப்படும்போது மருமகனிடம் கேட்டேன்: "உன்ரை புதுசிலை எத்தனை புத்தகம் வாசிச்சு முடிச்சாய்?"

"இன்னும் நேரம் கிடைக்கேல்லை மாமா" என்றான்.