முதல் ஆர்டர் யாருக்குக் கிடைக்கும்?

கணியூரிலிருந்து உடுமலைக்கும் திருப்பூருக்கும் பேருந்தேறிப் போய்க் கணிதமும் கணினி அறிவியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்று ஓயாமல் சொல்லப்படுவது ஒன்றுதான்: வேலை தேடாதே, வேலை கொடு. ஐடியாவும் துணிச்சலும் இருந்தால் ஸ்டார்ட்அப் தொடங்கிவிடலாமாம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கும் தலித் மாணவரிடமும் இதையே சொல்கிறார்கள். தொடங்க முடியாவிட்டால் துணிச்சல் இல்லாதவர் என்ற பழியும் அவர் தலையிலேயே விழுகிறது.

உதாரணம் காட்டப்படுகிறவர்களையே பார்ப்போம். 1998-இல் கூகுளைத் தொடங்கிய இருவரும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மாணவர்கள். செர்கே பிரின்னின் தந்தை கணிதப் பேராசிரியர். லாரி பேஜின் தந்தை கணினி அறிவியல் பேராசிரியர். நிறுவனத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே ஒரு லட்சம் டாலர் காசோலை கைக்கு வந்தது. அவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால், தோற்றாலும் தெருவுக்கு வரமாட்டோம் என்ற உறுதியும் அவர்களிடம் இருந்தது.

தொழிலாளியாக வந்தவர் முதலாளியான ஊர் என்று திருப்பூர் பெருமை பேசுகிறது. அதை ஆராய்ந்த ஷரத் சாரி, 2004-இல் வெளியான தன் நூலில், கவுண்டர் சாதியின் சிறு விவசாயிகளும் தொழிலாளர்களும் முதலாளிகளான வரலாற்றை எழுதினார். அவர்களின் உழைப்பு உண்மை. அந்த உழைப்பை மூலதனமாக்கியதில் சாதிச் சொந்தத்துக்கும் பங்குண்டு என்பதும் உண்மை. நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவரை நம்பி யாராவது ஆர்டர் தர வேண்டும். பணம் வர மாதக்கணக்காகலாம்; சனிக்கிழமை சம்பளம் காத்திருக்காது. அந்த இடைவெளியில் கைகொடுப்பவர்கள் மாமன், மச்சான், பங்காளி. அதே அளவு உழைத்த தலித் தொழிலாளிக்கு அந்த வலைப்பின்னலில் இடமில்லை.

கணினிக்குச் சாதி தெரியாது என்பார்கள். அதை வாங்கும் முதலாளிக்குத் தெரியுமே! பனியன் கம்பெனிக்கு பீஸ் கணக்கும் சம்பளக் கணக்கும் போடும் மென்பொருளை விற்க வேண்டுமானால், அவர் தன் கணக்கு வழக்கை நம்பிக் கொடுக்க வேண்டும். அங்கே முதல் கேள்வி 'நீ எந்த ஊரு, யாரு வீட்டுப் பையன்?' என்பதுதான்.

பட்டம் மட்டும் போதாது என்பதற்கு அண்ணல் அம்பேத்கரே சாட்சி. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர், 1917-இல் பரோடாவில் தங்க இடம்கூடக் கிடைக்காமல் பம்பாய் திரும்பினார். முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினர், தொழில் நின்றுபோனது. அவருக்கு இல்லாமல் போனது திறமையா, துணிச்சலா?

2005 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, மக்கள்தொகையில் 16.4 சதவீதமாக இருந்த பட்டியல் சாதியினரிடம் நாட்டின் தொழில் நிறுவனங்களில் 9.8 சதவீதம் மட்டுமே இருந்தன.

தமிழ்நாடு அரசு 2022-23-இல் பட்டியல் சாதி, பழங்குடியினரின் ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்ய 30 கோடி ரூபாய் நிதியை அறிவித்தது. அடுத்த ஆண்டு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் வந்தது. வரவேற்போம். ஆனால் மானியம் இயந்திரம் வாங்கித் தரும். ஆர்டர் வாங்கித் தராது. ஒன்றிய அரசின் 2012 கொள்முதல் கொள்கை, இப்பிரிவினரின் சிறு நிறுவனங்களிடம் 4 சதவீதம் வாங்கச் சொல்கிறது. மாநிலத் துறைகளும் உள்ளாட்சிகளும் வாங்கும் மென்பொருளில் இத்தகைய பங்கு உறுதியாக வேண்டும். தொழில் காலூன்றும்வரை, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு மாத உதவித்தொகையும் வேண்டும்.

வேலை தேடுவதில் இழிவில்லை தோழர்களே. வீட்டுக் கடனை அடைக்க மாதச் சம்பளத்துக்குப் போகிறவர் கோழையுமல்ல. துணிச்சலைப் பற்றி வகுப்பெடுப்பவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்: எங்கள் முதல் ஆர்டரை யார் தருவீர்கள்?