உத்தரவிடுவோர் யார்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 14ந் தேதியன்று, கடமையில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களுக்குத் தேசமெங்கும் அஞ்சலி செலுத்தப்படுகிறது. அத்தேதியின் வரலாற்றை, புதுக்கோட்டை ஜில்லாவிலுள்ள நிலைய அலுவலர்களும் உதவி மாவட்ட அலுவலர்களும் மறுபடி ஒருமுறை சிந்திக்க வேண்டுமென்று நாம் விரும்புகிறோம்.

1944ம் வருஷம் அத்தேதியில், பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற 'போர்ட் ஸ்டிகின்' என்ற கப்பலில் தீப்பற்றியது. பஞ்சுப் பொதிகளோடு சுமார் 1,400 டன் வெடிமருந்தும் அதில் இருந்தது. பகல் 2 மணி சுமாருக்குத் தீ கண்டுபிடிக்கப்பட்டது; 4 மணிக்குச் சற்றுப் பின்னர் கப்பல் வெடித்தது. இடையில் இரண்டு மணி நேரம் இருந்தது. கப்பல் தலைவர் இருந்தார், துறைமுக அதிகாரிகள் இருந்தனர், ராணுவத்தார் இருந்தனர், தீயணைப்பு அதிகாரிகளும் இருந்தனர். கப்பலை மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துச் செல்வதா என்று துணிந்து முடிவு செய்வார் மட்டும் இல்லை. அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை, உத்தரவுக்கே பஞ்சம். அன்று 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர்.

பம்பாய் எங்கே, புதுக்கோட்டை எங்கே என்று சிலர் கேட்கலாம். ஆலங்குடிப் பக்கம் வைக்கோற்போர் பற்றினாலும், கடற்கரைக் குப்பத்தில் குடிசை பற்றினாலும், முதலில் போய்ச் சேருகிறவர் மேலதிகாரியல்லர். ஒரு வண்டியும் சில வீரர்களும் உடன்வர, நிலைய அலுவலரே போய்ச் சேருகிறார். அந்த நிமிஷத்தில் சர்க்கார் என்பது அவரே. 2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் இந்த ஜில்லாவைச் சூறையாடியபோது, மரங்கள் விழுந்து பாதைகள் அடைபட்டன, தொலைபேசிகள் ஊமையாயின. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தால் அப்பொழுது ஒரு பாதையும் திறந்திராது. ஆதலின், இடைநிலை அதிகாரிக்கு வேண்டிய முதல் குணம் பொறுப்பைத் தாமே ஏற்று முடிவு செய்யும் துணிவு என்போம்.

இரண்டாவது குணம் இன்னும் கடினமானது. அது பின்வாங்கச் சொல்லும் துணிவு. 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்துக் கலச மஹாலில் தீ மூண்டபோது கூரை இடிந்து ஒரு வீரர் உயிரிழந்தார்; படையை நடத்திச் சென்ற ஸ்ரீமதி பிரியா ரவிச்சந்திரனும் காயமுற்றார். 2020 தீபாவளியன்று மதுரை விளக்குத்தூண் அருகே பழைய கட்டிடம் சரிந்து இரு வீரர்கள் மாண்டனர். அன்று அங்கிருந்தோரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. நம் படையில் வீரத்துக்குக் குறைவில்லை என்பதற்கே இவை சாட்சி. ஆனால் பழஞ்சுவர் வீரத்தைக் கண்டு நிற்பதில்லை. எல்லோரும் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், சுவர் விரிவதையும் விட்டம் தணிவதையும் பார்ப்பது யார்? தலைவர் வெளியே நின்று நாற்புறமும் நோக்க வேண்டும். உள்ளே மனித உயிர் இல்லையென்று நிச்சயமானபின், சரக்குக்காக வீரர்களின் பிராணனைப் பணயம் வைத்தல் தகாது. 'வெளியே வாருங்கள்' என்ற உத்தரவு கோழைத்தனமன்று, அதுவே தலைமை.

மூன்றாவது, தீ எழுமுன் உண்மை சொல்லும் துணிவு. புதுக்கோட்டைப் பட்டணத்தின் நேரான அகன்ற வீதிகளை எல்லோரும் புகழ்கிறோம். 1812ல் ஊர் தீக்கிரையான பிறகே, ரெஸிடெண்டு பிளாக்பர்னின் யோசனைப்படி வீதிகள் அவ்வாறு வகுக்கப்பட்டன. சுட்ட பிறகு அறிவு பெறுவது நமது பழைய வழக்கம். 2004 ஜனவரி 23ந் தேதி ஸ்ரீரங்கத்துக் கலியாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றி 50 பேருக்கு மேல் மாண்டனர். கீற்றின் அபாயத்தை இதைவிட யார் எடுத்துரைக்க முடியும்? ஆயினும் ஆறு மாதங்கள் கழியுமுன், ஜூலை 16ந் தேதி, கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் மடிந்தனர். பார்வையிடச் செல்லும் அதிகாரி 'இது ஆகாது' என்று எழுதும் ஒரு வரிக்கு எத்தனை உயிர்களின் விலை உண்டு என்பதை இதிலிருந்து உணரலாம். வேண்டியவர் மண்டபமென்றும், பெரிய மனிதர் பள்ளியென்றும் பேனா தயங்கினால், பின்னர் எத்தனை வண்டி தண்ணீர் ஊற்றியும் பயனில்லை.

இவ்வளவும் அதிகாரிகளுக்கு. பொதுவாழ்விலுள்ள நமக்கும் ஒரு வார்த்தை உண்டு. அனுமதி மறுத்த அதிகாரிக்குச் சிபார்சுக் கடிதம் அனுப்புகிறவர் யார்? தீப்பட்ட இடத்தில் கூட்டமாய் நின்று, 'ஏன் உள்ளே போகவில்லை?' என்று கூச்சலிடுகிறவர் யார்? மாநாட்டுப் பந்தலில் வெளியேறும் வழியை அடைத்து நாற்காலி போடுகிறவர் யார்? நம்மவரே அல்லவா? அதிகாரி நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், அவரை வளைக்கும் கையை நாம் முதலில் மடக்கிக்கொள்ள வேண்டும்.

சர்க்காருக்கும் கடமை உண்டு. நல்லெண்ணத்துடன் பின்வாங்க உத்தரவிட்ட அதிகாரியை, பொருள் நஷ்டத்தைக் காட்டித் தண்டிக்கலாகாது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும், பழி தேடுவதற்காக அன்றிப் பாடம் கற்பதற்காக, வீரர்களையும் உட்காரவைத்து விசாரிக்க வேண்டும். கடைசி வீரனும் 'ஐயா, இங்கே தவறினோம்' என்று அச்சமின்றிச் சொல்லக்கூடிய நிலையமே உறுதியான நிலையம்.

அஞ்சலி நாளில் மலர் வளையம் வைப்பது நன்று. அடுத்த வருஷம் அவ்வரிசையில் புதிய பெயர் சேராமல் காப்பது அதனினும் நன்று.