பரீட்சை வேறு, தண்டனை வேறு

ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேறாத குழந்தைகளை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க 2019-ஆம் வருஷத்து மத்தியச் சட்டத் திருத்தம் இடங் கொடுத்தது. அவ்வருஷமே தமிழ்நாட்டு சர்க்கார் அவ்விரு வகுப்புகளுக்கும் பொதுப் பரீட்சை உண்டென்று அறிவித்து, ஜனங்களின் ஆட்சேபம் வலுக்கவே 2020 பிப்ரவரியில் அதை ரத்து செய்தது. செய்தது நியாயமே. ஆனால் பரீட்சையோடு நமது பொறுப்பும் ஒழிந்ததென்று எவரும் எண்ணலாகாது. குழந்தை எவ்விதம் கற்கிறது என்பதே மூலமான கேள்வி.

மனோதத்துவ சாஸ்திரம் இதற்கு விடை கூறுகிறது. அமெரிக்கரான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு பகுதியை இருமுறை வாசித்தவர்கள் ஐந்து நிமிஷங் கழித்துக் கேட்டபோது முந்தி நின்றனர். ஒரு வாரங் கழித்தோ அவர்களுக்கு நினைவிருந்தது நூற்றுக்கு 42 பங்கே. ஒருமுறை வாசித்துப் பின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 பங்கு. ஆகவே, நினைவுகூர்தலே கற்றலின் ஓர் அங்கம். மார்க்கும் அவமானமும் அதற்கு வேண்டியதில்லை.

நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களில் முறை சொல்லுதலும், மூத்த மாணாக்கன் இளையவனுக்குக் கற்பித்தலும் இருந்தன. சென்னையிலிருந்த ஆண்ட்ரூ பெல் பின்னதைக் கையாண்டு இங்கிலாந்துக்கும் கொண்டு சென்றார். பொருளுணராத ஒப்புவிப்பும் பிரம்புமே அத்திண்ணைகளின் குற்றங்கள். எளிய வசனத்தில் படிப்படியாகப் பாலபாடங்களை இயற்றிய ஆறுமுக நாவலர், 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்தார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் வழி நமக்குப் புதிதன்று.

அதே சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைச் சர்வகலாசாலை ஆசிரியர்களைத் தயாரித்து வருகிறது. அங்கே கற்பிக்கும் சாஸ்திரம் கடலூர்த் துறைமுகத்துச் செம்படவர் குழந்தையின் வகுப்பறையை எட்டாவிடில் என்ன பிரயோசனம்?

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் முக்கால் பங்கினர் பெற்றோர். தேசத்தொண்டர்கள் மேடைகளை விட்டு அக்குழுக்களுக்குச் செல்லட்டும். முந்தின நாள் பாடத்தைப் புத்தகத்தை மூடிவைத்துக் குழந்தைகள் தம் சொந்த வார்த்தைகளில் சொல்ல, தினந்தோறும் பத்து நிமிஷம் ஒதுக்கும்படி கேட்கட்டும். இதற்குப் பணம் வேண்டாம், பொறுமையே வேண்டும். குழந்தையை நிறுத்தி வைப்பது சுலபம். கற்பிப்பதே கடமை.