விரலுக்கேற்ற வீக்கம்

நம் படங்களில் கதாநாயகன் ரிவால்வரை எடுத்தால் ஒரு கைதான் பயன்படும். இன்னொரு கை கூலிங் கிளாஸைச் சரிசெய்துகொண்டிருக்கும். ‘டமால்’ என்று ஒரு சத்தம். எதிரே நிற்பவர் பத்தடி பறந்து போய் விழுவார். சுட்டவரின் மணிக்கட்டோ ஒரு நூல்கூட அசையாது. உண்மையில் பெரிய காலிபர் ரிவால்வர் ஒன்றை அப்படி ஒற்றைக் கையால் அலட்சியமாகச் சுட்டால், முதலில் தூக்கியடிக்கப்படுவது சுட்டவரின் கைதான்.

வானொலியில் புதுப்படங்களைப் பற்றிப் பேசும் நாள்களில் நேயர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் குவியும். ஒரு பையன் கேட்டிருந்தான்: “அக்கா, உலகத்துலயே ரொம்ப பவரான ரிவால்வர் எது? அத வச்சி கரடிய சுடலாமா?” இரண்டு பாடல்களுக்கு நடுவே கிடைக்கும் அரை நிமிடத்தில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நாம் கடைக்குப் போய் விலை கேட்கும் பொருள் அல்ல. மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே 14 ஆண்டுகள் வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. இது அமெரிக்கக் காடுகளின் கதை. அங்கே ரிவால்வரால் மான் வேட்டையாடும் ஒரு கூட்டம் பல தலைமுறைகளாக இருக்கிறது. அவர்களில் அனுபவசாலிகள் ‘ரொம்ப பவரானது எது’ என்று கேட்பதில்லை. அவர்கள் வேறு என்ன கேட்கிறார்கள் என்பதுதான் சுவாரசியம்.

எப்படி வந்தது இந்தப் பெரிய தோட்டா?

ரைபிள் இருக்கும்போது கைத்துப்பாக்கியோடு ஏன் காட்டுக்குப் போக வேண்டும்? வில் அம்போடு போகிறவரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: கிட்டே போக வேண்டும் என்பதற்காக. நல்ல ரைபிளும் ஸ்கோப்பும் இருந்தால் 200, 300 மீட்டரிலிருந்து சுடலாம். ரிவால்வர் என்றால் 50 மீட்டர் அளவுக்காவது நெருங்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, காலடியில் சருகு சத்தம் போடுகிறதா என்றெல்லாம் பார்த்துப் பார்த்து நகர வேண்டும். அந்தச் சிரமம்தான் அவர்களுக்கு ருசி.

1935இல் .357 மேக்னம் வந்தது. ஆனால் ஐடஹோ மாநிலத்தில் மாடு மேய்த்தும் வேட்டைக்கு வழிகாட்டியும் வாழ்ந்த எல்மர் கீத் என்பவருக்கு அது போதவில்லை. 1907இல் வந்த .44 ஸ்பெஷல் தோட்டாவில் அவரே கூடுதல் மருந்து அடைத்துச் சுட்டுப் பார்த்தார். பத்திரிகைகளில் எழுதினார், நிறுவனங்களை விடாமல் நச்சரித்தார். கடைசியில் ரெமிங்டன் நிறுவனம் தோட்டாவையும், ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் துப்பாக்கியையும் செய்துகொடுத்தன. 1956இல் .44 மேக்னம் விற்பனைக்கு வந்தது. பின்னர் ‘மாடல் 29’ என்று பெயர் பெற்ற துப்பாக்கி அதுதான். 1959இல் ரூகர் நிறுவனத்தின் ‘சூப்பர் பிளாக்ஹாக்’ வந்தது.

அதுவரை இது வேட்டைக்காரர்களின் சமாசாரம். 1971இல் ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் மாடல் 29ஐக் கையில் எடுத்ததும் நிலைமை மாறியது. காட்டுப்பக்கமே போகாதவர்களும் கடையில் வரிசை கட்டினார்கள். சினிமா எந்த ஊரில்தான் ஆளை விட்டது!

பெரியது வந்தால் அதைவிடப் பெரியதும் வரத்தானே செய்யும்? வயோமிங்கில் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் நிறுவனம் 1983இல் .454 கசுல் தோட்டாவுக்கான ரிவால்வரைக் கொண்டுவந்தது. 2003இல் ஸ்மித் அண்ட் வெஸன் .500 மேக்னத்தை வெளியிட்டது. அரை அங்குல விட்டமுள்ள தோட்டா அது. வழக்கமான .44 மேக்னம் குண்டு 15.5 கிராம் எடை இருக்கும். அதன் வேகமும் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 1,200 ஜூல் ஆற்றல் கிடைக்கும். .500இல் இது சுமார் 3,500 ஜூல் வரை போகும். ஏறக்குறைய மூன்று மடங்கு!

அப்படியானால் மூன்று மடங்கு நல்லதா? இங்கேதான் தேர்வு ஆரம்பிக்கிறது.

முதலில் மிருகம், பிறகு துப்பாக்கி

வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானுக்கு .44 மேக்னம் தாராளம். நெருங்கிய தூரத்தில் .357கூடப் போதும் என்பவர்கள் உண்டு. கடமானைவிடப் பெரிய மூஸ், பழுப்புக் கரடி என்று போகும்போதுதான் .454, .500 பேச்சே வருகிறது. சில மாநிலங்கள் கைத்துப்பாக்கி வேட்டைக்குத் தோட்டாவின் அளவு, குழலின் நீளம் போன்றவற்றில் குறைந்தபட்ச வரம்பும் வைத்திருக்கின்றன.

குண்டின் வகையும் முக்கியம். மானுக்கு, உடலுக்குள் போனதும் விரியும் குண்டு ஏற்றது. கரடி, மூஸ் போன்றவற்றின் தடித்த தசையையும் எலும்பையும் தாண்டி ஆழமாகப் போக வேண்டும் என்றால் விரியாத கெட்டியான குண்டு வேண்டும். காலிபரைப் பற்றி மட்டும் பேசுகிறவர் பாதிக் கதைதான் பேசுகிறார்.

எடை பாரம் அல்ல, நண்பன்

நாளெல்லாம் மலை ஏறுகிறவருக்கு லேசான துப்பாக்கிதான் ஆசை. ஸ்மித் அண்ட் வெஸனின் 329 மாடல் 700 கிராம் அளவுதான் இருக்கும். ரூகரின் சூப்பர் ரெட்ஹாக் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. இரண்டும் அதே .44 மேக்னம் தோட்டாவைத்தான் சுடுகின்றன. தோட்டா ஒன்றாக இருந்தால், துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு பலமாகக் கையை உதைக்கும். அந்த 700 கிராம் துப்பாக்கியில் நாலு முறை சுட்டவர் ஐந்தாவது முறைக்கு யோசிப்பார். இன்னொரு சிக்கலும் உண்டு. உதை பலமாக இருந்தால், உருளையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் குண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவி, உருளையைச் சுழல விடாமல் தடுத்துவிடலாம். கரடி எதிரே நிற்கும்போது அது நடந்தால்?

.500 மேக்னத்தின் நீளமான மாடல்கள் 2 கிலோ எடைக்கு இருப்பது இதனால்தான். தோட்டாக்கள் பருமன் என்பதால் உருளையில் ஆறு அல்ல, ஐந்துக்குத்தான் இடம்.

குழலும் விசையும்

வேட்டைக்கு 6 முதல் 8 அங்குலக் குழலை விரும்புகிறார்கள். நீளக் குழலில் குண்டு கூடுதல் வேகம் பெறும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி அதிகம் என்பதால் குறி பார்ப்பதும் துல்லியமாகும். மீன் பிடிக்கப் போகிற இடத்தில் கரடிப் பயத்துக்காக இடுப்பில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டரை முதல் 4 அங்குலம். இரண்டும் வேறு வேறு வேலை. கரடிப் பயத்தைப் பற்றிச் சொல்ல ஒரு செய்தி உண்டு. அலாஸ்காவில் கரடி விரட்டும் மிளகாய்ச் சாறு ஸ்ப்ரேயைப் பற்றி 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பழுப்புக் கரடிகள் மீது அதை அடித்த சம்பவங்களில் 92 விழுக்காட்டில் கரடியின் தொல்லை நின்றுபோனது. ஒரு புட்டி மிளகாய்ச் சாறு, துப்பாக்கி விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

விசையில் இரண்டு வகை. ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ என்றால் ஒவ்வொரு முறையும் பின்னால் உள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டுத்தான் சுட முடியும். அமைப்பு எளியது, உறுதியானது. அதன் வளைந்த பிடி, உதைக்கும்போது உள்ளங்கையில் உருண்டு அடியைத் தணிக்கும். ‘டபுள் ஆக்‌ஷன்’ என்றால் விசையை இழுத்தாலே போதும், இரண்டாவது தோட்டா சீக்கிரம் கிளம்பும். முதல் தோட்டாவை நிதானமாக வைக்க நினைக்கும் மான் வேட்டைக்காரருக்கு சிங்கிள் ஆக்‌ஷனே நிறைவு தரும்.

இங்கே ஒரு பாதுகாப்புக் கதை. பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் சுத்தியல் நேராகத் தோட்டாவின் மேல் உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி கைதவறிக் கீழே விழுந்தால் வெடித்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலுக்குக் கீழே காலி அறையை வைப்பார்கள். 1973இல் ரூகர் நிறுவனம் ஓர் இரும்புத் துண்டை நடுவில் சேர்த்தது. விசையை முழுதாக இழுத்தால்தான் அந்தத் துண்டு மேலே வந்து, சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். இல்லாவிட்டால் அடி போய்ச் சேராது. பழைய துப்பாக்கிகளை அனுப்பினால் இந்த அமைப்பை இலவசமாகவே பொருத்தித் தந்தார்கள். பழைய ரூகர் ஒன்றை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று விரல். ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது கொதிக்கும் வாயு அதன் வழியே பக்கவாட்டில் பீறிடும். பெரிய மேக்னங்களில் அந்த வாயுவுக்கு விரலையே கிழிக்கும் பலம் உண்டு. ரைபிள் பிடிப்பதுபோல இடது கையை உருளைக்கு முன்னால் நீட்டுவது பெரும் ஆபத்து.

காது திரும்பக் கிடைக்காது

காதை வைத்துப் பிழைக்கிறவள் என்பதால் எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 140 டெசிபலைத் தாண்டும் ஒரே ஒரு வெடிச்சத்தம் போதும், காதுக்கு நிரந்தரச் சேதம் வரலாம். பெரிய ரிவால்வர்கள் 160ஐத் தாண்டுகின்றன. குழல் முனையில் துளைகள் போட்ட மாடல்களை உதை குறையும் என்று வாங்குகிறார்கள். உதை குறைவது உண்மைதான். ஆனால் அந்த வாயு பக்கவாட்டில் திரும்புவதால் சுடுகிறவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் சத்தம் கூடுகிறது. காட்டில் சின்னச் சத்தத்தைக் கேட்கவிட்டு, வெடிச்சத்தத்தை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுமூடிகள் இருக்கின்றன. துப்பாக்கிக்குப் பட்ஜெட் போடும்போதே அதற்கும் சேர்த்துப் போட வேண்டும்.

பேப்பர் தட்டுப் பரீட்சை

உதைக்குப் பழகாத கை என்ன செய்யும் தெரியுமா? வெடிப்பதற்கு முன்பே பயந்து துள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். நண்பர் ஒருவர், சுடுகிறவருக்குத் தெரியாமல் சில அறைகளில் மட்டும் தோட்டாவைப் போட்டு, சிலவற்றில் வெறும் டம்மியைப் போட்டுத் தருவார். டம்மி வரும்போது ‘டிக்’ என்று சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் குழல் முனை கீழே குத்தினால் கை பயந்துவிட்டது என்று அர்த்தம். காலிபர் எவ்வளவு பெரியதோ, அந்தப் பயமும் அவ்வளவு பெரியது.

அதனால்தான் .44 மேக்னம் வாங்குகிறவர்கள் மாதக்கணக்கில் .44 ஸ்பெஷல் தோட்டாவால் பழகுகிறார்கள். நீளம் குறைந்த அந்தத் தோட்டா அதே துப்பாக்கியில் பொருந்தும். அதேபோல .454 கசுல் ரிவால்வரில் .45 கோல்ட் தோட்டாவைச் சுடலாம். மெதுவாகப் படியேற வழியுள்ள துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது பாதிப் புத்திசாலித்தனம்.

கடைசியில் பேப்பர் தட்டு. விருந்துகளில் நாம் கேக் வைத்துக் கொடுப்போமே, அதே 8 அங்குலத் தட்டு. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய அந்த அளவுதான். எத்தனை மீட்டரிலிருந்து சுட்டால் எல்லாக் குண்டுகளும் ஒன்றுவிடாமல் தட்டுக்குள் விழுகின்றனவோ, அதுதான் அவருடைய எல்லை. ஒருவருக்கு அது 30 மீட்டர், இன்னொருவருக்கு 70. ஒரே ஆளுக்கே .44இல் 60ஆக இருந்தது, .500இல் 25ஆகச் சுருங்கலாம். மூன்று மடங்கு ஆற்றலை வாங்கி, எல்லையைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்ட கணக்கு அது.

தட்டுக்கு வெளியே பட்ட குண்டு காகிதத்தில் ஓர் ஓட்டை. காட்டில் அது வயிற்றில் அடிபட்ட ஒரு மான். அது விழாது, ஓடும். புதருக்குள் போய்ப் படுத்து, மணிக்கணக்கில் சாகும். ரத்தத் துளிகளைத் தேடிக்கொண்டு டார்ச் விளக்கோடு இரவெல்லாம் அலைந்தும் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிய வேட்டைக்காரர்கள் அந்த இரவை மறப்பதில்லை. குண்டு இன்னும் பெரியதாக இருந்திருந்தாலும் வயிற்றில் பட்டது வயிற்றில் பட்டதுதான்.

விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். தன் எல்லை 50 மீட்டர் என்று தெரிந்த வேட்டைக்காரர், 80 மீட்டரில் நல்ல கொம்புள்ள மான் நின்றாலும் ரிவால்வரை உறையிலேயே வைத்திருப்பார். அன்று வெறுங்கையோடு வீடு திரும்பினாலும், இரவு நிம்மதியாகத் தூங்குவார்.