மன்னார் எரிவாயு யாருக்காக?

மன்னார்க் கடற்படுகையில் இயற்கை எரிவாயு உண்டு என்பது 2011 ஒக்டோபரில் உறுதியானபோது நாட்டில் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. கெயார்ன் நிறுவனம் 'டொராடோ' என்று பெயரிட்ட கிணற்றிலும், அடுத்த மாதம் 'பரகூடா' என்ற கிணற்றிலும் எரிவாயுவைக் கண்டது. பின்னர் தோண்டிய கிணறுகள் வெறுமையாக இருந்தன. 2014 இல் உலக எண்ணெய் விலை சரியத் தொடங்கியது. 2015 இல் அந்நிறுவனம் வெளியேறிவிட்டது. அதன் பின்னர் ஆட்சிகள் மாறியுள்ளன. 2021 இல் புதிய பெற்றோலிய வளச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. எரிவாயுவோ ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட நீரின் அடியில் அப்படியே கிடக்கின்றது.

இந்த எரிவாயுவை எமது சமையலறைச் சிலிண்டரில் உள்ளதுடன் பலரும் குழப்பிக்கொள்கின்றனர். 2021 இன் இறுதியில் வீடுகளில் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்தபோது பேசப்பட்ட புறொப்பேனும் பியூட்டேனும் வேறு. மன்னாரில் இருப்பது பெரும்பாலும் மெதேன். வயல் சேற்றிலும் குப்பை மேட்டிலும் மாட்டின் வயிற்றிலும் உருவாவதும் இதே வாயுதான். அதனைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுவதற்கு மறை 162 பாகை வரை குளிரூட்ட வேண்டும்.

மின் உற்பத்திக்காக எரிக்கும்போது நிலக்கரி வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழப் பாதியையே இயற்கை எரிவாயு வெளியிடுகின்றது. நுரைச்சோலையின் சாம்பலையும் புகையையும் அனுபவித்துவரும் கற்பிட்டி, புத்தளம் மக்களுக்கு இது சிறிய விடயமன்று. ஆனால் எரியாமல் கசிந்துவிட்டால் கதை தலைகீழாகிவிடும். 20 வருடக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டை விட 80 மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்கக்கூடியது. கிணற்றிலும் குழாயிலும் கசிவைத் தடுக்காத நாடு 'தூய எரிபொருள்' என்று பேசுவதில் பொருளில்லை.

எமது திட்டமிடல் எத்தகையது என்பதற்குக் கெரவலப்பிட்டியே சாட்சி. எரிவாயுவை நம்பி அங்கு 350 மெகாவாற் மின்நிலையம் ஒன்று கட்டப்பட்டது. 2024 ஓகஸ்டில் அதன் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியபோது எரிவாயுவை இறக்குவதற்கான முனையம் இருக்கவில்லை, டீசலே கைகொடுத்தது. மாடு வாங்குமுன் கயிறு வாங்கினார்கள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், இங்கே தொழுவமே கட்டியாகிவிட்டது. எரிவாயு விநியோகத்துக்கென 2021 செப்ரெம்பரில் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கை, அன்றைய அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பைக் கிளப்பி உயர் நீதிமன்றம் வரை சென்றதையும் நாம் மறந்துவிடலாகாது.

அத்தனை விவாதங்களிலும் ஒரு தரப்பினர் குரல் மட்டும் கேட்கவேயில்லை. மன்னார்க் கடலை நம்பி வாழும் கடற்றொழிலாளர்களையே குறிப்பிடுகின்றோம். பேசாலையில் 1970களில் சோவியத் உதவியுடன் எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டபோதும் அவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை. போரினால் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும், 1990 இல் வெளியேற்றப்பட்டுப் பல்லாண்டுகளின் பின்னர் முசலிக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும் அதே கடலில்தான் வலை வீசுகின்றன. இந்திய இழுவைப் படகுகள் ஒருபுறம் அவர்களது வளத்தை வாரிச் செல்கின்றன. மறுபுறம் 2025 ஓகஸ்டில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக அதே மாவட்ட மக்கள் வீதியில் இறங்க நேர்ந்தது. அபிவிருத்தியை எதிர்ப்பவர்கள் என்று அவர்களுக்கு முத்திரை குத்துவது எளிது. தமது நிலத்தையும் கடலையும் பற்றிய தீர்மானங்களைத் தாமே கடைசியாக அறிந்துகொள்ள வேண்டியிருப்பதே அவர்களது முறைப்பாடு.

அடுத்த அகழ்வு ஒப்பந்தம் கைச்சாத்திடப்படுவதற்கு முன்னர் சுற்றாடல் மதிப்பீடு தமிழிலும் மன்னார் மக்களின் கைக்குக் கிடைக்க வேண்டும். கடற்றொழில் தடைப்படும் காலத்துக்கான நட்டஈடும், வருமானத்தில் மாவட்டத்துக்குரிய பங்கும் அவ்வொப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கப்பல் வந்து நங்கூரமிட்ட பின்னர் கலந்துரையாடல் நடத்துவதாயின் அதனை நடத்தாமலே விட்டுவிடலாம்.