தளம் போடும் முன் ஒருவர் பார்க்கட்டும்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். கல்யாணம் என்றால் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். புடவை வாங்கினாலும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே வாங்குகிறோம். ஆனால், ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தைக் கொட்டிக் கட்டும் வீட்டைச் சரிபார்க்கத் தனியாக ஓர் இன்ஜினீயரை அமர்த்துவது மட்டும் வீண் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறான சிக்கனம்.

வீடு கட்டுவதில் ஒரு விசித்திரம் உண்டு. எது முக்கியமோ, அது மறைந்துவிடுகிறது! சுவரின் வர்ணமும் தரையின் பளபளப்பும் கிரகப்பிரவேசத்தன்று எல்லோர் கண்ணிலும் படும். வீட்டைத் தாங்கும் கம்பியோ கான்கிரீட்டுக்குள் போய்விடும். அதைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது சில மணி நேரமே.

நம்பிக்கை இல்லையா?

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். மறுநாள் காலை தளம் போட ஏற்பாடு. மாலையில் அவர் அமர்த்திய இன்ஜினீயர் மேலே ஏறிப் பார்க்கிறார். கம்பி, சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிக் கிடக்கிறது. "அடியில் கவர் பிளாக் வைத்து 20 மில்லிமீட்டராவது தூக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்தால் கான்கிரீட் பெயர்ந்து விழும்" என்கிறார்.

மேஸ்திரிக்குக் கோபம் வருகிறது. "முப்பது வருஷமா இதே வேலைதான் சார். எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

ஆசிரியர் தர்மசங்கடத்தில் நெளிகிறார். நெளிய வேண்டியதில்லை. கோயில் கணக்கைத் தணிக்கை செய்வதால் கணக்குப்பிள்ளை திருடர் என்று ஆகிவிடுமா? நாணயமான மேஸ்திரிக்கு இந்தச் சோதனை நற்சாட்சி, அவமானம் அன்று. அன்று மாலையே சரிசெய்யக் கூடிய குறை, பத்து வருஷம் கழித்து வீட்டையே இடித்துப் பார்க்கும் செலவாக வளரும்.

யார் பார்ப்பது?

"காண்ட்ராக்டரிடமே இன்ஜினீயர் இருக்கிறாரே" என்பார்கள் சிலர். அவர் சம்பளம் வாங்குவது காண்ட்ராக்டரிடம். "கடன் கொடுத்த வங்கியிலிருந்து வந்து பார்க்கிறார்களே" என்பார்கள் வேறு சிலர். வங்கிக்காக வருகிறவர் தவணை கொடுக்கும் அளவுக்குக் கட்டடம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்கிறார். கம்பியை எண்ணுவது அவர் வேலையல்ல. ஆகவே, கூலியை வீட்டுக்காரரிடம் மட்டுமே வாங்குகிற ஒருவர் வேண்டும்.

வானம் தோண்டியதும், அஸ்திவாரக் கம்பி கட்டியதும், ஒவ்வொரு தூணுக்கும் தளத்துக்கும் கான்கிரீட் கொட்டும் முன்னும், பூச்சு வேலைக்கு முன்னும் அவர் வர வேண்டும். மூடப்போகும் கம்பியையும் குழாயையும் படம் எடுத்து வைக்க வேண்டும். கலவையில் நீர் கூடினால் பலம் குறையும் என்பதால் அதையும் கவனிக்க வேண்டும். சாதாரண சிமென்டானால் 7 நாளும், சாம்பல் கலந்த சிமென்டானால் 10 நாளுமாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அவர் எழுத்தில் ஒப்புக் கொண்ட பிறகே அடுத்த தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொள்வது நல்லது.

2014 ஜூன் 28-ஆம் தேதி, சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக் கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதற்கு உட்பட்ட அடுக்குமாடி வீடுகளை விற்பவர், ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைத் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. சொந்த மனையில் காண்ட்ராக்டரை வைத்துத் தமக்கென்று வீடு கட்டிக் கொள்கிறவருக்கு அந்தப் பாதுகாப்புப் பொருந்தாது. அவருடைய காவல் அவர் கையில்தான்.

கிரகப்பிரவேசத்துக்கு ஊரையே அழைக்கலாம், தவறில்லை. அதற்கு முன், தளம் போடும் தினத்துக்கு முந்திய மாலையில், விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்தே தீர வேண்டும்.